அரை மார்க் அப்பா

மனிதர்களில் அரை மார்க் அப்பா என்றொரு இனம் உண்டு. எல்.கே.ஜி. வகுப்பு வாசலில், பிள்ளையின் தண்ணீர் பாட்டிலைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பிள்ளையைவிடப் பதற்றமாக நிற்பாரே, அவரேதான். நம் ரங்கசாமி அந்த இனத்தில் உயர்ந்த ரகம்.

நாகல் நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பத்தாம் வகுப்பில் கணக்கில் தான் வாங்கிய மார்க்கை மனைவி சொர்ணலட்சுமியிடம்கூட இதுவரை சொன்னதில்லை. ஆனால் மகள் வினிதா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவருக்குள் ஒரு பரீட்சை அதிகாரி விழித்துக்கொண்டார். குளிப்பாட்டும்போது கை, கால், மூக்கு. சோறு ஊட்டும்போது காய்கறிகள். ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துப் போகும்போது எதிரே வரும் லாரி, மாடு, தண்ணீர் வண்டி என்று எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் பெயர் கேட்டுக் குடைவார். பிள்ளை தூங்கினால்தான் இடைவேளை.

பள்ளிக்கூடமும் லேசுப்பட்டதல்ல. வாராவாரம் டெஸ்ட், மாதாமாதம் ராங்க். மூக்குச் சிந்தத் தெரியாத பிள்ளைக்கு ராங்க் எதற்கு என்கிறீர்களா? ரங்கசாமியிடம் கேட்டுவிடாதீர்கள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆடி மாதம் வினிதாவுக்கு இரண்டாவது ராங்க். அரை மார்க்கில் முதலிடம் நழுவியிருந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, புஷ்பமேரி டீச்சர் முன்னால் போய் நின்றார்.

“எதுல டீச்சர் அரை மார்க் போச்சு?”

“பசு நமக்கு என்ன தரும்னு கேட்டேன் சார். சாணின்னு சொன்னா.”

“தராதா? எங்க தெருவுல வந்து பாருங்க, எம்புட்டுத் தருதுன்னு!”

“அதான் சார் அரை மார்க் போட்டேன். பால்னா முழு மார்க்.”

ரங்கசாமி விடுவாரா? வாசல் தெளிப்பதிலிருந்து வயலுக்கு எருப் போடுவதுவரை சாணியின் பெருமைகளை, கடையில் சேலை விரிப்பதுபோல ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார். பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தன. சாப்பாட்டு மணி அடித்தது. டீச்சருக்குப் பசி. அரை முழுசானது, வினிதாவும் சேர்ந்து முதல் ராங்க்.

ஜெயித்த கையோடு மகளைப் பிடித்துக்கொண்டார். “ஏன் பாப்பா, பால்னு சொன்னா என்ன? இனிமே கரெக்டான பதிலா யோசிச்சுட்டுத்தான் வாயத் தொறக்கணும்.”

வினிதா யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் சொர்ணலட்சுமி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “வினிக்குட்டி, இட்லி வேணுமா, தோசை வேணுமா?”

பதில் இல்லை. எட்டிப் பார்த்தால், பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. உதடு துடிக்கிறது. கண் நிறையத் தண்ணீர்.

“அப்பா, எது கரெக்ட்டு?”

சொர்ணலட்சுமி கரண்டியோடு வந்து நின்றாள். “சொல்லுங்க. பிள்ளை கேக்குதுல்ல?”

ரங்கசாமி மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “ரெண்டும் கரெக்ட்டுதான் கண்ணு.”

“இல்லப்பா. ஒண்ணுதான் கரெக்ட்டா இருக்கும்.”

இட்லியிலும் தோசையிலும் அவரே ஒவ்வொரு வாய் தின்று காட்டிய பிறகுதான் பிள்ளை வாய் திறந்தது. மறுநாள் ஸ்கூட்டரில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எதிரே ஒரு கழுதை வந்தபோது மட்டும் நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஹாரன் அடித்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் அந்தக் காதுகுத்து வீட்டில், உங்கள் மடியில் தானாக வந்து ஏறிய பிள்ளையிடம் முதலில் என்ன கேட்டீர்கள்? ‘சாப்ட்டியா’ என்றா, ‘ஒரு ரைம்ஸ் சொல்லு’ என்றா? அது ஏன் உடனே இறங்கி ஓடியது?