சௌகத் அலி வாகனம் தேர்ந்த படலம்

வாழ்க சௌகத் அலி! பாலாற்று மணலினும் பெருகிய புகழும், கோடையில் அம்மணலைத் தோண்டினால் ஊறும் நீரினும் அரிய ஈகையும் ஒருங்கே படைத்த செம்மல், செங்கற்பட்டுக் கடைத்தெருவில் சைக்கிள் கடை என்னும் கொற்றக்கொடி நாட்டி, வளைந்த ஆணியை நிமிர்த்தியே மூன்று தலைமுறைக்குப் பயன்கொள்ளும் சிக்கனச் சிங்கம், ஒரு கோப்பைத் தேநீரை இரண்டு தட்டில் ஊற்றி விருந்தோம்பி, விருந்தினர் வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சின்றி இரண்டையும் தாமே பருகியருளும் பண்பாளர், வாழ்க, வாழ்க!

இப்பெருந்தகை பொருத போர் ஒன்றைச் சொல்லப் புகுகிறோம். பகை எவரோ என்று கேட்பீராயின், வாடகை என்பதே பகை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டு, தைத் திங்களில், வேடந்தாங்கல் ஏரிக்குக் கடல்கடந்த பறவைகளெல்லாம் கட்டணமின்றி வந்து இறங்கிய குளிர்காலத்தில், சௌகத் அலியாரின் தங்கை ஜஹனாரா நாகூரிலிருந்து ரயிலேறி வந்து கடைவாசலில் நின்றார். அவர் சாதாரண வீராங்கனை அல்லர். கணவர் அப்துல் மாலிக் ஊர் ஊராக நடத்தும் 'மரணக் கிணறு' என்னும் சாகசக் காட்சியில், பலகைகளால் கிணறுபோல் வட்டமாக எழுப்பிய சுவரின் உட்புறத்தில், மோட்டார் சைக்கிளைப் பல்லிபோல் படுக்கவைத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டுபவர். விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும் ஆடவரெல்லாம் அவர் அருகே பறந்து வரும்போது அலறியடித்துப் பின்வாங்குவார்கள்.

நாகூர் தர்காவின் கந்தூரி விழாவில் நடக்கவிருந்த அக்காட்சிக்காகவே, பட்டாளத்து ஏலத்தில் எடுத்த இரண்டு மோட்டார் சைக்கிள்களைச் சௌகத் அலியார் பழுதுநீக்கி வைத்திருந்தார். கிணற்றுச் சுவரில் ஓடுவதற்கென்றே விளக்கு, மட்கார்டு, முன்சக்கரப் பிரேக் யாவும் கழற்றப்பட்ட திகம்பர வாகனங்கள் அவை. சாலையில் அவற்றை ஓட்டினால் முதல் மைலிலேயே போலீஸ் பிடிக்கும். பிடிக்காவிட்டால் புளியமரம் பிடிக்கும். ஆகவே வேறொரு வாகனத்தில் ஏற்றித்தான் நாகூர் சேர்க்கவேண்டும். கந்தூரிக் கொடி ஏற ஒரு வாரம் இருந்தது.

"அண்ணாத்தே, இன்னும் இன்னா பார்த்துகினு கீற?" என்றார் ஜஹனாரா. "பழைய வண்டிக்கு ஹேண்டில்பாரு கழுத்தாண்ட வெடிப்பு வுட்டுகீது. இது ரெண்டும் வரலன்னா அதுலதான் நான் ஏறணும். லாரி ஒண்ணு புடிச்சி அனுப்பு."

சௌகத் அலியாரின் நெஞ்சு ஒருகணம் துணுக்குற்றது. தங்கையைத் தோளில் சுமந்து வளர்த்தவர் அவர். ஆனால், அந்தோ, 'லாரி' என்ற சொல் காதில் விழுந்ததும் அந்நெஞ்சை மற்றொரு நடுக்கம் வந்து மூடிக்கொண்டது.

எனினும் சென்றார். எட்டு லாரிகளுக்கு அதிபதியும், எண்ணெய் வடியும் நெற்றியும் எட்டூர் கேட்கும் குரலும் உடையவருமான கோதண்டராமன் முன்னிலையில், யானைப்படையின் முன் தனித்து நிற்கும் காலாள்போல் நின்றார். கோதண்டராமன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, நாகூர் போகவர வாடகை இவ்வளவென்று முழங்கினார்.

"வரவுக்கு எதுக்கு வாடகை?" என்று சீறினார் நம் வீரர். "போவும்போது என் வண்டி போவுது, சரி. வரும்போது வெறுங்காத்துதானே வருது? காத்துக்கு நான் டப்பு தரணுமா?"

"காத்து தானா ஓட்டிகினு வராது பாய். டிரைவரு ஓட்டிகினு வரணும். பெட்ரோலு குடிக்கிறது காத்தில்ல, லாரி."

வாதம் முற்பகலில் தொடங்கி, கடைத்தெருவே கூடி இரு பாசறையாகப் பிரிந்து ஆர்ப்பரிக்க, உச்சிவேளை தாண்டியும் ஓயாது நடக்க, கோதண்டராமன் பசியெடுத்து உள்ளே போய்விட்டதால் சௌகத் அலியார் வென்றவராகத் தம்மைத் தாமே அறிவித்துக்கொண்டு திரும்பினார். வண்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அடுத்து ரயில் நிலையம். அங்கே சரக்குப் பிரிவு எழுத்தர், தலைநிமிராமலே, பெட்ரோலை வடித்து, ஒவ்வொரு வண்டிக்கும் மரச்சட்டம் அடித்துக் கொண்டுவரும்படி ஆணையிட்டார். மரக்கடையில் விலை கேட்ட சௌகத் அலியார், இரண்டு சைக்கிளுக்குக் கட்டில் செய்து படுக்கவைக்கத் தாம் என்ன மாமனாரா என்று வினவி, மரக்கடைக்காரர் பதிலை எதிர்பாராது வெளியேறினார்.

அவ்வாறு நிலம் இருமுறை வஞ்சித்தபின், அவர் பார்வை நீரின்மேல் சென்றது. மாமல்லபுரத்தின் மேற்கே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறதன்றோ! விறகும் உப்பும் சுமக்கும் ஓடங்கள் அதில் தெற்கே மரக்காணம் வரை போகின்றனவன்றோ! ஓடத்துக்குப் பெட்ரோல் வேண்டுமா? டயர் தேயுமா? இதனைக் கண்டறிந்த கணத்தில் அவர் முகத்தில் தோன்றிய ஒளியைச் சூரியன் கண்டிருந்தால் தைமாதத்து வேலையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுத்திருப்பான்.

"மரக்காணத்தோட கால்வா முடிஞ்சிபுடுதே. அதுக்கப்பால நாகூருக்கு?" என்று கேட்டார் ஜஹனாரா.

"அதுக்கப்பால அப்பால பார்த்துக்கலாம்."

போர்நூல் கற்ற எவரும் இவ்வியூகத்தின் ஆழத்தை எட்டியதில்லை.

மாமல்லபுரம் வரை வண்டிகளைக் கொண்டுசேர்க்கக் கருப்பன் என்பவரின் மாட்டுவண்டி அமர்த்தப்பட்டது. முதல் மோட்டார் சைக்கிளை ஏற்றிக் கயிற்றால் பிணித்தாயிற்று. வழியனுப்பக் கூடிய கூட்டத்தைக் கண்டதும் சௌகத் அலியாருக்குள் கலைஞன் கிளர்ந்தெழுந்தான். தாம் உயிர்கொடுத்த எஞ்சினின் ஓசையை ஊர் ஒருமுறை கேட்கட்டுமே என்று, வண்டியின்மேல் ஏறி, கருப்பன் "வோணாம் பாய், மாடு புச்சு, மெரண்டுக்கும்" என்று கதறியதையும் கேளாது, மோட்டார் சைக்கிளின் கிக்கரை ஓங்கி ஓர் உதை உதைத்தார். ஊழிக்கால இடிபோலவும், நூறு பறை ஒருங்கே கிழிந்தாற்போலவும் எழுந்த அம்முழக்கத்தைக் கேட்ட காளைகள் இரண்டும், வாலைத் தூக்கி, கடைத்தெருவைக் கடந்து, தக்காளிக் கூடைகளை மிதித்து, மோட்டார் சைக்கிளோடும் அதன்மேல் வீற்றிருந்த நம் வீரரோடும் கொளவாய் ஏரியை நோக்கிப் பாய்ந்தன. செங்கற்பட்டு கண்ட தேரோட்டங்களில் அதற்கு நிகர் வேறில்லை. கரைச்சேற்றில் அச்சு வரை புதைந்தபின்தான் தேர் நின்றது. காளைகள் அமைதியாகத் தண்ணீர் குடித்தன.

ஜஹனாரா முழங்கால் சேற்றில் இறங்கி, முதலில் எஞ்சினை நிறுத்தினார். பிறகு அண்ணனை இறக்கினார். ஒன்றும் பேசவில்லை. அன்றிரவுச் சாப்பாட்டின்போதும் பேசவில்லை. அந்த மௌனம் கோதண்டராமன் கேட்ட வாடகையைவிடக் கனமாக இருந்தது என்று சௌகத் அலியாருக்கே தோன்றியது. ஆயினும் மௌனத்துக்கு ரொக்கம் தரவேண்டியதில்லை என்பதால் தாங்கிக்கொண்டார்.

மறுநாள், மோட்டார் சைக்கிள் இரண்டையும் ஏற்றி, காளைகளின் காதுகளில் பஞ்சு அடைத்து, திருக்கழுக்குன்றம் வழியாக ஊர்ந்து, மாமல்லபுரத்துக் கால்வாய்க் கரையை அடைந்தார்கள். அங்கே நீலமேகம் என்பவரின் உப்போடம் காத்திருந்தது. கடலை ஆண்ட பல்லவர் கலங்களை விஞ்சும் கம்பீரத்தோடு, மோட்டார் சைக்கிள் இரண்டையும் முதுகில் தாங்கி, அண்ணனும் தங்கையும் ஆளுக்கொன்றன்மேல் அமர்ந்திருக்க, ஓடம் தெற்கே நகர்ந்தது. நீலமேகம் கழி ஊன்றினார். கரையில் நடந்தவர்கள் ஓடத்தை முந்திச் சென்றார்கள். கரையில் மேய்ந்த எருமை ஒன்றும் முந்திச் சென்றது.

பாலாற்று முகத்துவாரத்து மணல்திட்டில் ஒருமுறை தட்டி, தள்ளி மீண்டு, பின்னொரு நாள் கடப்பாக்கத்தின் அருகே, இடிந்த ஆலம்பரைக் கோட்டை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஓடம் சேற்றில் அமர்ந்தது. தட்டவில்லை, கோழி அடைகாக்க அமர்வதுபோல் அமர்ந்தே விட்டது.

"இன்னாப்பா ஆச்சு?" என்றார் சௌகத் அலியார்.

"தண்ணி எறங்கிப்போச்சு பாய். உப்புன்னா மூட்டைய எறக்கித் தூக்கிக்கலாம். இது இரும்பாச்சே."

"எப்ப ஏறும்?"

நீலமேகம் வானத்தைப் பார்த்தார், நீரைப் பார்த்தார், கழியைப் படுக்கவைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். அதுவே விடை.

கொடியேற்றம் மறுநாள் மாலை. அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. ஜஹனாரா மோட்டார் சைக்கிளைவிட்டு இறங்கி, புடவையைச் செருகிக்கொண்டு, தம் பையைத் தோளில் மாட்டினார்.

"நான் ரோட்டாண்ட போயி பஸ் ஏதுனா கெடைச்சா போறேன் அண்ணாத்தே. அவரு தனியா அல்லாடிகினு இருப்பாரு. பழைய வண்டிக்கு வெல்டு வெச்சிகீது. பார்த்து ஓட்டிக்கிறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சௌகத் அலியார் எதிர்வாதம் தொடுத்திருப்பார். அவர் வெகு இயல்பாக, கடைக்குப் போய் உப்பு வாங்கிவருகிறேன் என்பதுபோலச் சொன்னார். வெல்டு வைத்த கழுத்து எத்தனை சுற்றுத் தாங்கும் என்று சௌகத் அலியாருக்குத் தெரியும். உயரமான சுவரில், தலைக்குமேல் ஊரே நின்று கைதட்ட, அந்தக் கழுத்து ஒடிந்தால் எந்தக் கழுத்து மிஞ்சும் என்றும் தெரியும். வாழ்நாளெல்லாம் கூட்டிக் கழித்தே பழகிய அவர் மூளை அக்கணத்தில் கணக்கை மறந்து நின்றது.

சேற்றில் குதித்தார். இடுப்பளவு புதைந்தார். புதைந்தபடியே, இரு கைகளையும் வானுக்கு உயர்த்தி, கோட்டைச் சுவரில் மோதி எதிரொலிக்கும்படி அவர் செய்த சபதத்தை அப்பகுதி மீனவர்கள் நெடுநாள் நடித்துக் காட்டினார்கள்:

"எவனா இருந்தாலும் சரி! லாரியோ, பஸ்ஸோ, பேயோ, பிசாசோ! இந்த ரெண்டு வண்டிய நாளைக்கு நாகூர்ல சேர்த்தா கேட்ட வாடகை தரேன்! கேட்டத தரேன்!"

கரையில் வலைக்கருகே மீன் பிரித்துக்கொண்டிருந்த பூவாயி என்னும் மூதாட்டி தலைநிமிர்ந்தார். கணவரையும் கடலையும் ஒருசேர அதட்டிப் பழகிய குரல் அவருடையது.

"இன்னாத்துக்கு பாய் இப்டி கத்தற? எம் மருமவன் வூட்டுலதான் துன்னுகினு கீறான். நாகப்பட்டணத்து லாரிக்காரன். மெட்ராஸ் பட்டணத்துல கருவாடு எறக்கிட்டுக் காலியாத்தான் ஊருக்குப் போறான். எலேய் வரதா!"

வாயில் சோற்றுடன் வந்து நின்றார் வரதன். மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். சேற்றில் பாதியும் சபதத்தில் பாதியுமாக நின்றவரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"செங்கல்பட்டு சைக்கிள்கடை பாய்தானே நீங்க? போன வாரம் பட்டணம் போவசொல்ல உங்க கடையிலதானே டயருக்குக் காத்து அடிச்சேன்! 'திரும்பி வரசொல்ல காலியா வருவேன், தெக்கால போவ லோடு எதுனா கீதா பாய்'னு கேட்டேனே. காத்துக்குக் காச வாங்கி ஜோப்புல போட்டுகினு, நான் கடன் கேட்ட மாதிரி அப்டிக்கா திரும்பிக்கினீங்க."

ஜஹனாரா அண்ணனைப் பார்த்தார். அதுவரை பேசாதிருந்ததற்கெல்லாம் சேர்த்து அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று நீலமேகம்கூடப் பீடியைக் கீழே போட்டுவிட்டு நின்றார். ஆனால் ஜஹனாரா சிரித்தார். சேற்றில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பூவாயிக்குக் காரணம் தெரியாவிட்டாலும் அவரும் சேர்ந்துகொண்டார்.

வரதன் கேட்ட வாடகையோ, கோதண்டராமன் கேட்டதில் காற்பங்குகூட இல்லை. காலியாகப் போகிற லாரிக்கு வந்தது லாபம் என்றார் அவர். அண்டம் குலுங்கச் சபதம் செய்து அரை நாழிகைகூட ஆகாத சௌகத் அலியார், அத்தொகையைக் கேட்டதும் பழைய ஒளி கண்ணில் திரும்ப, "காலியாத்தான போற? இன்னும் கொஞ்சம் கொறச்சிக்கயேன்" என்று திருவாய் மலர்ந்தருளினார்.

"அண்ணாத்தே!" என்றார் ஜஹனாரா.

குறைக்காமலே பேசி முடித்தார்கள். குப்பத்து ஆட்கள் பலர் கூடி, ஓடத்திலிருந்து மரப்பலகை போட்டு, தேர்வடம் பிடிப்பார்போல் ஏலேலோ பாடி, இரு வண்டிகளையும் இழுத்துக் கரையேற்றி லாரியில் அடுக்கினார்கள். வழியில் ஆட்டத்தில் அடிபடாதிருக்க, லாரியில் கிடந்த வெற்றுக் கருவாட்டுச் சாக்குகளை நனைத்து வண்டிகளுக்கு மெத்தையும் போர்வையுமாகச் சுற்றிக் கட்டினார் வரதன். சாக்குக்குத் தனிக் காசு இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டபின் சௌகத் அலியாரும் அவற்றின்மேல் சாய்ந்து உறங்கினார்.

மறுநாள் மாலை, கொடியேறிய நாகூரில், கடல்போல் திரண்ட மாந்தர் கிணற்று விளிம்பில் தோளோடு தோள் நெருக்கி நிற்க, மைத்துனர் மாலிக் சலுகை தர மறுத்ததால் வாழ்வில் முதன்முறையாகக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய சௌகத் அலியார் அவர்கள் நடுவே கைப்பிடியை இறுகப் பற்றி நிற்க, பகைப்படையைப் பிளந்தெழும் ஏறுபோல் எஞ்சின் கர்ஜிக்க, ஜஹனாரா என்னும் பெண்புலி அடிச்சுவரில் தொடங்கி, நடுச்சுவர் கடந்து, விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை ஏறி, இரு கைகளையும் விட்டு, சூறாவளி பெண்ணுருக் கொண்டாற்போலச் சுழன்று சுழன்று வர, முதல் சுற்று முழுவதும் கண்களை மூடிக்கொண்டிருந்த அண்ணன் மெல்ல ஒரு கண்ணைத் திறந்து, பிறகு மறுகண்ணையும் திறந்து, பழுதற்ற அந்தக் கழுத்தையும் பழுதற்ற அந்தத் தங்கையையும் கண்டு, தம்மையறியாமல் ஒரு முழு வெள்ளிக்காசை எடுத்து வீசியெறிந்து, எறிந்த கையைத் தாமே வியந்து நோக்கி, 'வென்றோம்!' என்று எண்திசையும் அதிர முழங்கிய அப்பெருங்கணத்தில், கூட்டம் முழுவதும் ஒருமித்து மூச்சை உள்ளிழுத்தது.

வண்டி கருவாடு நாறியது.