சிவப்புத் துண்டு தொங்கும்போது மிக்ஸி போடக் கூடாது

காலை ஏழு நாற்பது. தொம்மலூர் வீட்டுக்குக் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. மாடியறை ஜன்னலில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கியது. கீழே வாசலில் வீட்டுக்காரர் சரோஜா அம்மாள், தேங்காயும் பச்சை மிளகாயும் நிரப்பிய மிக்ஸி ஜாரை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் துண்டையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"மேல நாப்பத்தெட்டு சேவ் பண்றானாம். துண்டு எறங்குற வரைக்கும் மிக்ஸி கூடாதாம். வீடு என்னுது, மிக்ஸி என்னுது, மீட்டர் என்னுது. ரூல்ஸ் மட்டும் அவனுது!"

பெங்களூரில் கம்ப்யூட்டரைத் தொட்ட அத்தனை பேரும் இன்னும் பெரியது, இன்னும் வேகமானது என்று ஓடிய அந்த ஆண்டுகளில், எதிர்த்திசையில் ஓடிய ஒரே மனிதர் இந்த மாடியறை நாற்பத்தெட்டுதான். வாரத்தில் ஐந்து நாள் கம்பெனி பஸ் ஏறி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போவார். அங்கே பிறர் எழுதிய புரோகிராம்களில் பிழை பார்ப்பது வேலை. மற்ற நேரமெல்லாம் ஞாயிறு சந்தையில், பழைய இஸ்திரிப் பெட்டிகளுக்கு நடுவே கண்டெடுத்த ஒரு கறுப்புக் கம்ப்யூட்டரோடு கழியும். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. கீகள் அழிரப்பர் மாதிரி இருக்கும். நினைவகம் மொத்தமே நாற்பத்தெட்டு கே. பெயர்க்காரணம் அதுதான்.

"நாப்பத்தெட்டு போதுமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"சார், நாப்பத்தெட்டுல ஏழு டிஸ்ப்ளேக்குப் போயிடுது. மிச்சம் நாப்பத்தொண்ணு. அரண்மனை சார்!"

அந்த அரண்மனையில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் இடம் வேண்டும். அதனால் அவருக்குச் சிக்கனம் ரத்தத்தில் ஊறிவிட்டது. பால்காரருக்கு எழுதும் சீட்டில் "1" என்று மட்டும் இருக்கும். ஆபீஸுக்கு அவர் கொடுத்த விடுப்புக் கடிதம் முழுவதும் இதுதான்: "காய்ச்சல்."

அவர் எழுதிக்கொண்டிருந்தது ஒரு புது விளையாட்டு. ஒக்கலிபுரத்தில் கிளம்பும் ஆட்டோ, பள்ளம், பசு, ஊர்வலம் எல்லாம் தாண்டித் தொம்மலூர் வந்து சேர வேண்டும். இங்கிலாந்தில் இதே பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு ரசிகர் சங்கம் இருந்தது. புது விளையாட்டுக்குப் போட்டி வைத்திருந்தார்கள். கேசட்டில் பதிந்து அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து கேசட்டுக்கு ஏற ஐந்து நிமிடம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் மிக்ஸி ஓடினால் வோல்டேஜ் இறங்கும், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். துண்டின் கதை இதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரோஜா அம்மாள் பொறுமை இழந்தார். மிக்ஸி சரியாக நான்கு விநாடி ஓடியது. மாடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கத்தல் இல்லை, காற்று போன சைக்கிள் டியூப் போல.

ஒரே கேசட்டில் பழையதன் மேலேயே புதியதைப் பதிவது நாற்பத்தெட்டின் வழக்கம். கேசட்டிலும் சிக்கனம். பழையது அழிந்தது, புதியது பாதியில் நின்றது. மூன்று மாத உழைப்பு. படிக்கட்டில் வந்து உட்கார்ந்தவர் ஒரு பைட் கூடச் செலவழிக்கவில்லை.

சரோஜா அம்மாளுக்கு அந்த மௌனம்தான் தாங்கவில்லை. "ஏதாவது எழுதி கிழுதி வெச்சிருக்கியாப்பா?"

இருந்தது. கிராப் நோட்டுகளில், பக்கம் பக்கமாக, எண்களாகவே.

பிறகு பதினாறு நாள், மாலை ஆறு முதல் ஏழு வரை, தொம்மலூரில் இப்படி ஒரு பாராயணம் நடந்தது. சரோஜா அம்மாள் நோட்டைப் பிடித்துக்கொண்டு மளிகை லிஸ்ட் சொல்லும் குரலில் "இருநூத்தியஞ்சு, பதினேழு, நூத்திமுப்பது" என்பார். நாற்பத்தெட்டு தட்டுவார். ஓரிடத்தில் காபி கொட்டி மூன்று எண்கள் அழிந்திருந்தன. அம்மாள் அசரவில்லை. "சைபர், சைபர், சைபர்" என்று தாமே நிரப்பிவிட்டார்.

ஓட்டிப் பார்த்தால் ஆட்டோ மதில் சுவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. மோதிவிட்டதா என்று பார்க்கும் கட்டளை அந்தக் காபிக் கறையில் இருந்திருக்கிறது.

"ஐயோ, தப்பாயிடுச்சா?" என்றார் அம்மாள்.

நாற்பத்தெட்டு குதித்தார். "இல்லம்மா! நம்மூர் ஆட்டோ இப்படித்தான் போகும்! இருக்கட்டும்!"

அன்று முதல் சரோஜா அம்மாள்தான் விளையாட்டின் பரிசோதகர். அறுபது வயதில் அந்தக் கீகளைச் சப்பாத்தி மாவு மாதிரி அமுக்கி, எழுதியவரையே தோற்கடித்தார். முதலிடப் பட்டியலில் அவர் பெயரை நிரந்தரமாக ஏற்றிவைத்தார் நாற்பத்தெட்டு.

கேசட்டை அனுப்பக் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. கூரியர் கடை நான்கு மணிக்கு மூட்டை கட்டிவிடும். இரண்டரைக்கு என் கதவு தட்டப்பட்டது.

"சார், நீங்க பேப்பர்ல மேட்டர் வெட்டறவர்தானே? பதினாலு பைட் ஜாஸ்தியா நிக்குது. வாங்க!"

போனேன். ஆங்கிலத்தில் "கேம் ஓவர்" என்று இருந்தது, இடைவெளியோடு ஒன்பது எழுத்து. "'ஆய்த்து'ன்னு போட்டா?" என்றேன். கன்னடத்தில் முடிந்தது என்று அர்த்தம். ஆங்கில எழுத்தில் நான்கே நான்கு. ஐந்து மிச்சம். "சூப்பர் சார்!" சரோஜா அம்மாள் போட்ட மூன்று சைபர்கள் எந்த வேலையும் செய்யாதவை, அவற்றையும் எடுத்தார். எட்டு. இன்னும் ஆறு வேண்டும்.

பட்டியலில் சரோஜா. ஆங்கிலத்தில் சரியாக ஆறு எழுத்து.

"தூக்கிடுங்க. அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றேன்.

நாற்பத்தெட்டு என்னை ஒருமுறை பார்த்தார். முகப்புப் பக்கத்துக்குப் போனார். எழுதியவர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை அழித்தார். அதுவும் ஆறு எழுத்து.

என் தொழிலில் எதை வெட்டினாலும் நிருபர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பெயரை வெட்டினால் நேராக ஆசிரியர் அறைக்குப் போவார்கள்.

மூன்று இருபதுக்குத் துண்டு ஏறியது. அதே நேரம் வாசலில் ஆட்டோ. நான்கு மணிக்கு டிபனுக்கு வர வேண்டிய, சரோஜா அம்மாளின் சம்பந்தி அம்மாள் சீக்கிரமே வந்துவிட்டார். வந்தவர், ஒத்தாசை செய்யும் நல்லெண்ணத்தில் நேராகச் சமையலறைக்குள் புகுந்தார். ஜாரில் தேங்காய் தயார். கை சுவிட்சை நோக்கிப் போனது.

"நக்கோ, வேணாம்!" சரோஜா அம்மாள் கூடத்திலிருந்து பாய்ந்து பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

சம்பந்தி அம்மாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "என்னங்க, ஷாக் அடிக்குமா?"

"இல்லீங்க, மேல ஆட்டோ கேசட்ல ஏறுது!"

அந்த அம்மாள் வந்த ஆட்டோவை ஜன்னல் வழியே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு போண்டாவைச் சட்னி இல்லாமலே சாப்பிட்டார்.

மூன்று இருபத்தைந்துக்குத் துண்டு இறங்கியது. மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கேசட் கூரியர் மூட்டைக்குள் விழுந்தது. விளையாட்டுக்கு நான்காவது இடம். சங்கம் அனுப்பிய தாளில் எழுதியவர் பெயர் தெரியவில்லை என்று அச்சிட்டிருந்தார்கள். "அச்சுல கூட இடம் மிச்சம் பாருங்க சார்" என்று குதூகலித்தார் நாற்பத்தெட்டு.

அவர் பெயர் எனக்குத் தெரியும். அவர் வெட்டியதை நான் திரும்பச் சேர்ப்பதாக இல்லை.

அந்த விளையாட்டு இப்போதும் இணையத்தில் கிடைக்கிறது. முதலிடத்தில் சரோஜா இருக்கிறார்.