சிவப்புப் பெட்டியும் கறுப்புப் பெட்டியும்

ஒரு மெத்தை தன்னை முந்திக்கொண்டு போன அன்று காலையில்தான் கண்ணாடிக்காரர் அந்தப் பெரிய முடிவுக்கு வந்தார்.

மெத்தை தானாகப் போகவில்லை. மாடி வீட்டு மெத்தைக்காரரின் பழைய ஸ்கூட்டரில் போனது. முன்னால் மெத்தைக்காரர். நடுவில் சுருட்டிக் கட்டிய இரட்டை மெத்தை. அதற்குப் பின்னால், இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல், அவர் மனைவி. மேம்பாலத்து ஏற்றத்தில் கண்ணாடிக்காரரின் மோட்டார் சைக்கிள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, அந்த ஊர்வலம் பக்கத்தில் வந்தது. மெத்தைக்காரர் மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"வரட்டுங்களா சார்?"

போய்விட்டார். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. பாலத்தின் உச்சியை ஒருவழியாகத் தொட்டபோது கண்ணாடிக்காரர் வாய்விட்டுச் சொன்னார்:

"வண்டி என்ன பண்ணும், பாவம்! பின்னாடி பாரம் கொஞ்சம் அதிகம்."

பின்னாடி உட்கார்ந்திருந்த பாரம் ஒன்றும் பேசவில்லை. இறங்கும் இடத்தில் இறங்கி, பையை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போயிற்று.

அவர் மனைவிக்கு வேலை, பெண்களுக்கு இருசக்கர வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த கை அது. ஆனால் சொந்த வீட்டு வண்டியில் மட்டும் பின்சீட். கேட்டபோதெல்லாம் கண்ணாடிக்காரர், "இது வேற மாதிரி வண்டிம்மா, உனக்குப் பிடிபடாது" என்று சொல்லிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

கண்ணாடிக்காரருக்கு வேலை கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை உட்கார வைத்து, மூக்கில் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா? இது தெளிவா?" என்று கேட்பார். கையில் எந்நேரமும் ஒரு மஞ்சள் துணி இருக்கும். தூசி என்றால் அவருக்குப் பிறவிப் பகை. கண்ணாடியைத் துடைப்பார், கல்லாவைத் துடைப்பார், வீட்டுக்கு வந்து வண்டியைத் துடைப்பார். சீட்டைக் கழற்றி அதன் அடிவயிற்றையும் துடைப்பார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் முடிவை அறிவித்தார்.

"பெட்ரோல் டியூனிங்னு ஒண்ணு வந்திருக்கு. இன்ஜினுக்குள்ள எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சணும்னு ஒரு சின்னப் பெட்டி முடிவு பண்ணும். மாட்டிட்டா வண்டி பறக்கும்."

"எதுக்குப் பறக்கணும்? ஏறினா போதாதா?"

"ஏற மாட்டேங்குதே! அதுதானே பிரச்சினை!"

"ஏன் ஏற மாட்டேங்குதுன்னு பார்த்தீங்களா?"

"அதான் பாலத்துலயே சொன்னேனே…"

நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள், சத்தமே வராமல். அந்த வீட்டில் கரண்டி சத்தமில்லாமல் இறங்கினால்தான் பயப்பட வேண்டும்.

பேச்சை மாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி, கடைக் கதை.

"இன்னிக்கு ஒருத்தர் வந்தார் பாரு. பேங்க் மேனேஜரா இருந்தவராம். எந்த லென்ஸைப் போட்டாலும் மங்கல், மங்கல்ங்கறார். பார்த்தேன். கழட்டினேன். துடைச்சேன். அதையே திரும்ப மாட்டினேன். 'இப்போ எப்படி சார்?'னு கேட்டேன். 'ஆஹா, பளிச்சுன்னு இருக்கே, இதை முதல்லயே போட்டிருக்கலாமே!'ங்கறார்."

"அதே லென்ஸா?"

"அதே லென்ஸ்!"

"அவருக்குத் தெரியவே இல்லையா?"

"எப்படித் தெரியும்? மாத்திட்டாங்கன்னு மனசு நம்பிட்டா, கண்ணு அப்படியேதான் பார்க்கும்."

"ஓஹோ," என்றாள் மனைவி.

அந்த 'ஓஹோ'வை அவர் கவனித்திருக்க வேண்டும். அவரோ தண்ணீர் கேட்டார்.

தண்ணீரை ஊற்றிக்கொண்டே அவள் கேட்டாள். "ஏங்க, ஒரு பெட்டியும் மாட்டாம, நான் பின்னாடி உட்கார்ந்து, வண்டி அந்த மேட்டை ஜம்முனு ஏறிட்டா?"

"ஏறவே ஏறாது."

"ஏறிட்டா?"

"சாவியை உன் கையில கொடுத்துட்டு நான் பின்னாடி உட்கார்றேன். போதுமா?"

"சரி. ஏறலைன்னா நான் இனிமே பஸ்ல போய்க்கறேன். ரெண்டு பஸ் மாறி, நின்னுக்கிட்டே."

கண்ணாடிக்காரருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பெட்டியை மாட்டத்தானே போகிறோம், மாட்டாத வண்டியைப் பற்றி எவன் கவலைப்படுவான்?

அடுத்த ஒரு வாரம் அவர் மனிதராகவே இல்லை. பெட்டியில் இரண்டு வகை. சிவப்புப் பெட்டியை மாட்டிவிட்டு மறந்துவிடலாம். கறுப்புப் பெட்டியில் ஒரு திருகு உண்டு, அதைத் திருகித் திருகி நமக்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்ளலாம். சிவப்பா, கறுப்பா? குளிக்கும்போது சிவப்பு என்பார். தலை துவட்டும்போது கறுப்பு என்பார். கடையில் ஒரு அம்மாவுக்குக் கண் பார்த்துக்கொண்டே, "சிவப்பா, கறுப்பாம்மா?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா எழுத்துப் பலகையை உற்றுப் பார்த்து, "கறுப்பாத்தான் சார் தெரியுது" என்றார். அதையே ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டார்.

விடுமுறை நாள் வந்தது. மெக்கானிக் கடைக்குக் கிளம்பும்போது மனைவியும் செருப்பை மாட்டினாள்.

"நீ எதுக்கும்மா?"

"பாரம் இல்லாம சோதிச்சா எப்படிங்க?"

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பினார்.

மெக்கானிக்குக் கண்ணாடிக்காரரிடம் மரியாதை. ஆனால் மனைவியிடம் பக்தி. அவர் லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை கவிழ்ந்தவர். ஊருக்கே வண்டி பார்க்கிறவருக்கு எட்டுப் போட வரவில்லை. மூன்றாவது தடவை, யாருக்கும் தெரியாமல் விடியற்காலையில் மைதானத்துக்கு வரச் சொல்லி எட்டுப் போட வைத்தது இந்த டீச்சரம்மாதான்.

"கண்ணாடி சார், பெட்டி ரெண்டையும் மாத்தி மாத்தி மாட்டித் தர்றேன். பாலத்துல ஒரு சுத்து ஓட்டிப் பார்த்து நீங்களே சொல்லுங்க. எது பிடிக்குதோ அது," என்றார். "அதுவரைக்கும் அந்த நாற்காலியில உட்காருங்க. இங்க ஒரே கரி."

கரி என்றதும் கண்ணாடிக்காரர் நாலடி பின்வாங்கி நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். மனைவி மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாள். சீட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கும் சத்தம். பிறகு சீட்டை மாட்டும் சத்தம்.

"சிவப்பு ரெடி சார்!"

மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாலம் வந்தது. ஏற்றம் வந்தது. வழக்கமாக வண்டி இருமும் இடம் வந்தது. வண்டி இருமவில்லை. ஏறியது. கண்ணாடிக்காரர் முதுகெலும்பு அரை அங்குலம் நீண்டது.

திரும்பி வந்தார். மறுபடி நாற்காலி, மறுபடி டார்ச், மறுபடி சீட்டுச் சத்தம்.

"கறுப்பு ரெடி சார்!"

இந்தத் தடவை விதியும் அவர் பக்கம் இருந்தது. பாலத்தின் அடியில் மெத்தைக்காரர் போய்க்கொண்டிருந்தார். இன்றைக்கு இரண்டு மெத்தை. கண்ணாடிக்காரர் ஆக்சிலேட்டரை முறுக்கினார், பக்கத்தில் போனார், ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததைக் கேட்டார்:

"வரட்டுங்களா?"

மெத்தைகள் வண்டிக் கண்ணாடியில் சிறுத்து மறைந்தன. பிறந்ததிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கடை வாசலில் இறங்கியதுமே பிரசங்கம் ஆரம்பமாயிற்று.

"சிவப்பு மோசமில்லை. ஆனா அதுல ஒரு முரட்டுத்தனம் இருக்கு. தூக்கித் தூக்கிப் போடுது. கறுப்பு அப்படியில்லை, பக்குவம். வழுக்கிக்கிட்டுப் போகுது. கைப்பிடியில வர்ற அதிர்வே வேற. சாதாரண ஆளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தினமும் 'இதுவா அதுவா'ன்னு பார்க்கிற ஆளுக்குத்தான் தெரியும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

"யோசிக்கவே வேண்டாம். கறுப்பு!"

மெக்கானிக்குத் திடீரென்று இருமல் வந்தது. முகத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்து ஸ்கூட்டருக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அவர் முதுகு மட்டும் குலுங்கியது.

மனைவி கைப்பையைத் திறந்தாள். சிவப்புப் பெட்டியை எடுத்து நாற்காலியில் வைத்தாள். அதன் பக்கத்தில் கறுப்புப் பெட்டியை வைத்தாள். இரண்டிலும் கம்பெனி ஒட்டிய உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

கண்ணாடிக்காரர் பெட்டிகளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"அப்போ… மாட்டினது?"

"எதுவும் மாட்டலைங்க. ஒண்ணே ஒண்ணைக் கழட்டினோம்."

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு விரலால் ஒரு பொருளைத் தூக்கிக் காட்டினார். நாலாக மடித்த துணி. ஒரு காலத்தில் மஞ்சள். மூலையில் கண்ணாடிக் கடையின் பெயர்.

"இன்ஜினுக்குக் காத்து போற வாயில இது இருந்துச்சு சார். நல்லா அழுத்தி, ஒழுங்கா மடிச்சு."

ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால், சீட்டைக் கழற்றித் துடைத்தபோது, அடியில் ஒரு ஓட்டையைப் பார்த்தார். இவ்வளவு பெரிய ஓட்டை வழியாக எவ்வளவு தூசி போகும் என்று பதறி, புதுத் துணியாகப் பார்த்து, ஆசையாக அடைத்து வைத்தவர் அவரேதான்.

"மூக்கை அடைச்சுட்டு மேடு ஏறச் சொன்னா எந்த வண்டி சார் ஏறும்?"

"பெட்ரோல் குடிக்குது, ஆனா இழுக்கலைன்னா காத்து வரலைன்னு அர்த்தம்," என்றாள் மனைவி. "என் பிள்ளைங்களுக்கு மூணாவது நாள் பாடமே அதுதான்."

"தெரிஞ்சா முதல்லயே சொல்ல வேண்டியதுதானே!"

"பாரம் பேசுமாங்க?"

கண்ணாடிக்காரர் கடைசி நம்பிக்கையாக மெக்கானிக்கைப் பார்த்தார். "ஆனா ரெண்டாவது சுத்து வேற மாதிரி இருந்துச்சே! அந்தப் பக்குவம்… அந்த வழுக்கல்… நடுவுல என்னதான் பண்ணீங்க?"

"சீட்டைக் கழட்டினேன் சார். துடைச்சேன். திரும்ப மாட்டினேன்."

"அதே லென்ஸ்தாங்க," என்றாள் மனைவி, கையை நீட்டியபடி.

நீட்டிய கையில் சாவியை வைத்தார். வேறென்ன செய்வது? பின்சீட்டில் ஏறினார். எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் ஒரு பிடிகூட இல்லை என்பதை அன்றுதான் கவனித்தார்.

பாலத்து ஏற்றத்தில் வண்டி சீராக ஏறியது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை. அடுத்த நடை மெத்தையோடு போய்க்கொண்டிருந்த மெத்தைக்காரரைத் தாண்டும்போது மனைவி அவரைப் பார்த்துச் சிரித்தாள். மெத்தைக்காரர் பின்சீட்டைப் பார்த்து, கண்ணாடிக்காரருக்கு மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் லேசாகத் திரும்பி, கவலையோடு சொன்னாள்:

"நல்ல வண்டிதாங்க. பின்னாடிதான் பாரம் கொஞ்சம் அதிகம்."