அதிகாரபூர்வமாகக் கழுவப்பட்ட பேட்

சுங்கை தெராத்தாய் நகராட்சி எல்லைக்குள் மனிதன் செய்யக்கூடிய காரியங்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் விதி உண்டு. பெயர்ப்பலகைக்கு உண்டு, பந்தலுக்கு உண்டு, பந்தலுக்கு அடியில் போடும் நாற்காலிக்கும் உண்டு. விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான்: காருக்குப் பாலிஷ் போட்ட பிறகு, மெஷினில் மாட்டித் தேய்த்த அந்தப் பஞ்சு பேடைக் கழுவுவது எப்படி என்பது. இத்தனை வருஷமும் ஊர் மக்கள் இந்த விஷயத்தில் கேட்பாரற்று வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

குறை வெளிப்பட்டது தலைவரின் காரில். 'டத்தோ' பட்டம் பெற்ற நகராட்சித் தலைவரின் கறுப்புக் கார் எங்கேயோ பாலிஷுக்குப் போய் வந்தது. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். அழுக்குப் பேடால் தேய்த்தால் அப்படித்தான் ஆகும். டத்தோ கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தை, அதிகாரிகளின் அயராத உழைப்பால், நாற்பத்தொரு பக்கச் சுற்றறிக்கை ஆயிற்று. அதில் பேட் என்ற சொல்லே கிடையாது. 'வட்ட வடிவ மென்துளை மெருகேற்று சாதனம்' என்றுதான் இருந்தது. பேட் என்று எழுதினால் எல்லோருக்கும் புரிந்துவிடும் என்ற அச்சமாக இருக்கலாம்.

நியாயமாகப் பார்த்தால் நல்ல விதிதான். ஊரிலேயே அதைப் படித்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் மஸ்தூரா. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷமாகக் காருக்குப் பாலிஷ் போடும் கடை வைத்திருப்பவள். ஊருக்கெல்லாம் 'கக் தூரா', தூரா அக்கா. பேட் விஷயத்தில் அவளுக்கு ஒரு வெறியே உண்டு. ஒரு கதவு முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்வாள். வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு விட்டு ஊறவைத்து, தட்டையாக அழுத்தி அழுத்திப் பிழிவாள். முறுக்கினால் பின்பக்க ஒட்டு பிய்ந்துபோகும் என்பதால் முறுக்கவே மாட்டாள். தண்ணீர் தெளிந்து வரும்வரை விடமாட்டாள். பிறகு வலைத்தட்டில் பஞ்சு கீழே பார்க்கக் கவிழ்த்துக் காயவைப்பாள். தப்பித்தவறி ஒரு பேட் தரையில் விழுந்துவிட்டால், மறுபடி முழுசாகக் கழுவாமல் அது காரைத் தொடாது. ஒரு மணல் போதும், ஒரு காரைக் கெடுக்க.

"இப்பவாச்சும் அவங்களுக்குப் புத்தி வந்துச்சே," என்று சுற்றறிக்கையைக் கடைச் சுவரில் அவளே ஒட்டினாள். யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அவள் பசையும் சேர்த்துப் போட்டுக்கொண்டாள்.

சோதனைக்கு வந்தவர் பஹாரோம். மரியாதைக்கு 'என்சிக்', அதாவது ஐயா. உரிமப் பிரிவு அதிகாரி, சாது, யாரையும் கடிந்து பேசாதவர். படிவம் சொல்வதை மட்டும் செய்வார். ஹரி ராயா பெருநாளுக்கு மூன்று வாரம் இருந்தது. கம்பத்துக்கு, அதாவது சொந்தக் கிராமத்துக்குப் போகிற கார் பளபளக்காவிட்டால் சொந்தக்காரர் முன் தலைநிமிர முடியாது என்பதால், மஸ்தூராவிடம் நாற்பது கார் பதிவாகியிருந்தது. வருஷத்தில் பாதிச் சோறு அந்த மூன்று வாரத்தில்தான். கடை லைசென்ஸ் அந்த வாரமே முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் பஹாரோம் கையெழுத்து வேண்டும்.

பஹாரோம் பொரித்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே காயும் பேடுகளைப் பார்த்தார்.

"கக், கறை இருக்கே."

"கறைதான் என்சிக், அழுக்கு இல்ல. பாலிஷ் மருந்தோட நிறம் பஞ்சுல ஏறிடும், போகாது. இருங்க, தண்ணியில போட்டுப் பிழியறேன். தண்ணி எவ்வளவு தெளிவா வருதுன்னு பாருங்க."

"படிவம் தண்ணியைப் பத்திக் கேக்கல கக். நிறத்தைப் பத்தித்தான் கேக்குது." ஒரு வண்ண அட்டையை எடுத்துப் பேடுக்குப் பக்கத்தில் வைத்தார். "இந்த மஞ்சளா இருக்கணும். இது அந்த மஞ்சள் இல்ல."

"அது புதுப் பேடோட மஞ்சள்! ஒரு தடவை காருல வச்சாலே மாறிடும்."

"அப்ப வைக்காதீங்க."

"பாலிஷ் கடையில பாலிஷ் போடாம வேற என்ன செய்யறது?"

பஹாரோம் உண்மையாகவே யோசித்தார். "அதுக்குப் படிவத்துல இடம் இல்லையே கக்," என்றார் வருத்தத்தோடு.

எதிர்க்கடை ஹெங், பேடுகளை உறையே பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். எண்ணெய் தெளித்துத் துண்டால் துடைத்து அனுப்புவதுதான் அவர் தொழில்முறை. சோதனையில் அவருக்கு நூற்றுக்கு நூறு. மஸ்தூராவுக்குப் பதினொன்று.

அன்றைக்கு அவள் அழவில்லை. அழுவதற்குப் பதிலாகப் போய் ஆறு புதுப் பேட் வாங்கி வந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாள். வேலைக்குப் பழைய பேட், பார்வைக்குப் புதுப் பேட். ஊரில் பாதி அலுவலகம் இப்படித்தானே நடக்கிறது, நான் மட்டும் என்ன ஒசத்தி என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பஹாரோம் மறுபடி வந்து பெட்டிக்குள் பார்த்து முகம் மலர்ந்தார். "பிரமாதம்! அதே மஞ்சள்! ஆனா கழுவினதுக்கு ஆதாரம் வேணுமே. கழுவறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, கழுவினப்புறம் ஒரு போட்டோ."

மஸ்தூரா அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். வலைத்தட்டில் கிடந்த பழைய பேடுகளைப் பார்த்தாள்.

"முன்னாடிக்கு இது," என்றாள். "அப்புறத்துக்கு அது."

"எவ்வளவு நேரம் ஆச்சு கக், இதைக் கழுவ?"

"இங்கிருந்து பெட்டிவரைக்கும் நடக்கற நேரம்."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். பஹாரோம் 'நான்கு விநாடி' என்று எழுதிக்கொண்டார்.

இரண்டு போட்டோவும் நகராட்சிக் குழுவின் முன் வைக்கப்பட்டன. குழு அசந்துபோயிற்று. நான்கே விநாடியில், துளிக் கறை இல்லாமல்! உடனே தீர்மானம் நிறைவேறியது: மென்துளை மெருகேற்று சாதனத் தூய்மை இயக்கத்தை, திருமதி மஸ்தூராவின் முன்னிலையில், டத்தோ தம் பொற்கரங்களால் ஒரு பேடைக் கழுவித் தொடங்கிவைப்பார். அந்தப் பேடாலேயே டத்தோவின் காருக்கு மெருகேற்றப்படும். நிகழ்ச்சியின் முடிவில் மஸ்தூராவுக்கு லைசென்ஸ் வழங்கப்படும்.

"லைசென்ஸை இப்பவே குடுத்திட்டா என்ன என்சிக்?"

"நிகழ்ச்சி நிரல்ல கடைசியாப் போட்டாச்சு கக்," என்று பஹாரோம் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். உறை அங்கேதான் இருந்தது.

நகராட்சி முற்றத்தில் சரளைக்கல்மேல் பந்தல் போட்டார்கள். வெள்ளித் தாம்பாளத்தில் பூ மிதக்கும் தண்ணீர். டத்தோ கண்ணாடிப் பெட்டியிலிருந்து வந்த புத்தம்புதுப் பேடைத் தண்ணீரில் முக்கினார், பிழிந்தார். ஒருநாளும் அழுக்கே காணாத பஞ்சிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டியது. கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. டத்தோ புகைப்படக்காரர் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். பேட் நழுவி, அவர் முழங்காலில் பட்டு, அங்கிருந்து சரளையில் விழுந்தது.

யாரும் பார்க்கவில்லை. அதாவது எல்லோரும் பார்த்துவிட்டு யாரும் பார்க்கவில்லை என்று முடிவு செய்தார்கள். பஹாரோம் குனிந்து எடுத்து, இரு கையாலும் மஸ்தூராவிடம் நீட்டினார். பேடின் முகம் முழுக்க மணல் ஒட்டியிருந்தது.

"என்சிக், ஒரு நிமிஷம். அலசிட்டு வந்திடறேன்," என்றாள் மெதுவாக.

"டத்தோ இப்பத்தானே கழுவினாரு!"

"கீழ விழுந்திடுச்சு. மணல்."

"கக், கொஞ்சம் யோசிங்க. நீங்க மறுபடி கழுவினா, டத்தோ கழுவினது சரியில்லைன்னு ஆகாதா? அதிகாரபூர்வமாக் கழுவின பேட் இது. தீர்மானம் நம்பரே இருக்கு."

"காரு போயிடும் என்சிக். கறுப்புக் காரு."

பஹாரோம் சட்டைப் பையிலிருந்த உறையை லேசாக நேராக்கிக்கொண்டார். மிரட்டலுக்காக அல்ல. உறை சரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நாற்பது கார் மஸ்தூராவின் கண்முன் வரிசையாக வந்து நின்றது. பன்னிரண்டு வருஷத்தில் அவள் தெரிந்தே கெடுத்த கார் ஒன்றுகூட இல்லை. பேடை மெஷினில் மாட்டினாள், ஸ்விட்சைப் போட்டாள். அந்தக் கரகரச் சத்தம் அவள் பல்லுக்குள் கேட்டது.

துடைத்ததும் வெயில் பானட்மேல் விழுந்தது. ஒரு முழ அகலத்துக்கு வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள். டத்தோ குனிந்து பார்த்தார்.

"இதே கோட்டுக்காகத்தானே நான் போன தடவை திட்டினேன்?"

மஸ்தூரா வாயைத் திறந்தாள். பஹாரோம் முந்திக்கொண்டார்.

"அது அங்கீகாரம் இல்லாத கோடு டத்தோ. இது நீங்களே கழுவின பேடால வந்த கோடு."

டத்தோ இன்னொரு தரம் பார்த்தார். இந்தத் தரம் பார்வை வேறாக இருந்தது. "ம்ம். அமைப்பு ஒழுங்காத்தான் இருக்கு," என்றார். கைத்தட்டல். லைசென்ஸ் உறை கைமாறியது. மஸ்தூரா சிரித்தபடி நிற்கும் படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது.

நான்காம் நாள் சிக்கு ரொகையா வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, அதனால்தான் 'சிக்கு'; பழைய வாடிக்கை. முந்தின நாள்தான் நன்றாகக் கழுவிய பேடுகளால் அவள் காரைக் கண்ணும் கருத்துமாக மெருகேற்றி அனுப்பியிருந்தாள் மஸ்தூரா.

"என்ன கக் தூரா, ஆள் பாத்துத்தான் வேலை செய்வீங்களா?"

"ஏன் சிக்கு? கண்ணாடி மாதிரி இருக்கே காரு!"

"அதான் பிரச்சினையே. கண்ணாடி மாதிரி இருந்தா என் மூஞ்சிதான் தெரியுது. டத்தோ வட்டம் எங்க? பத்திரிகையில படம் வந்ததுலேருந்து பள்ளிக்கூடத்து வாசல்ல எல்லாக் காருலயும் இருக்கு, என்னுதுல மட்டும் இல்ல. ஹெடு மிஸ் கேக்கறாங்க, 'மலிவாப் போட்டீங்களோ'ன்னு."

"சிக்கு, அது கீறல். காருக்குக் கெடுதி."

"டத்தோவுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு?"

அன்றே மூன்று கார் எதிர்க்கடைக்குப் போயின. வேலையென்று ஒன்றைச் செய்தறியாத ஹெங், இரும்பு நாரால் வட்டம் போட்டுக்கொடுத்தார். மறுநாள் ஏழு போயின. அதற்கு அடுத்த நாள் பஹாரோம் சுற்றறிக்கையின் இணைப்போடு வந்தார்: கழுவி உலர்த்திய ஒவ்வொரு சாதனமும், பயன்பாட்டுக்கு முன், முழங்கால் உயரத்திலிருந்து ஒருமுறை சரளைமீது விடப்படுதல் வேண்டும்.

"அப்ப எதுக்குக் கழுவறது என்சிக்?"

"கழுவாமப் போட்டா அழுக்குப் பேட் ஆயிடுமே கக்," என்றார் பஹாரோம், குழந்தைக்குச் சொல்வது போல.

மஸ்தூரா கடை வாசலில் ஒரு கூடை சரளை கொட்டினாள். மீதி கார்கள் எல்லாம் வட்டத்தோடு போயின. எல்லோரும் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். பன்னிரண்டு வருஷத்தில் இத்தனை நன்றி அவளுக்குக் கிடைத்ததில்லை.

ராயாவுக்கு முந்தின நாள் காலையில் கடையில் நின்றது ஒரே கார், அவளுடையது. ஒன்பது வருஷக் கருநீலக் கார், மேலே ஒரு கோடு கிடையாது. எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டும் கொடுக்காதது. போன் அடித்தது. தம்பி மனைவி செனாப், கம்பத்திலிருந்து.

"கக், எப்பக் கிளம்பறீங்க? வாசல்ல ஆறு காரு நிக்குது, ஆறுலயும் வட்டம். அதைக் கண்டுபிடிச்சதே எங்க கக்தான்னு ஊர் பூராச் சொல்லி வச்சிருக்கேன். மானத்தை வாங்கிடாதீங்க!"

மஸ்தூரா போனை வைத்தாள். பேடை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தாள். தட்டையாக அழுத்திப் பிழிந்தாள், முறுக்கவில்லை. தண்ணீர் தெளிந்து வரும்வரை விடவில்லை. வலைத்தட்டில் கவிழ்த்துக் காயவைத்து, காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒரு துகள் இல்லை.

பிறகு அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், குனிந்து தன் முழங்காலைப் பார்த்து உயரத்தைச் சரிசெய்துகொண்டு, பேடைச் சரளைமேல் விட்டாள்.