ரோசியின் பிடரிமுடி

ரோசியின் உடம்பில் ஊசிமுனை படக்கூடாது. காபி டம்ளரைத் தரையில் நங்கென்று வைத்துச் சத்தியம் செய்தான் சின்னராஜ்.

ரோசி அவனுடைய குதிரை. பதினைந்து வருஷம் ஏற்காடு ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றியவள். இப்போது வெள்ளக்கடை வீட்டுக்குப் பின்னால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கழுத்தில் கொழுப்பு திரண்டிருந்தது. முன்னங்கால் குளம்பு தொட்டால் சுட்டது.

"ஏனுங்க, மரியதாஸ் டாக்டரக் கூப்பிடலாமுங்க. ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமாம்," என்றாள் மனைவி காவேரி.

"எம்புள்ள ரத்தத்தையா?" அவனுக்கே தலை சுற்றியது. போனை நீட்டினான். "இதப் பாரு புள்ள. பிடரிமுடி கொஞ்சம் இந்த லேபுக்கு அனுப்பினாப் போதும். அதுல இருக்கற செம்பு, துத்தநாகம் எல்லாத்தையும் அளந்து என்ன நோய்னு சொல்லிடறாங்க. முடியால முடியாதது ஒண்ணுமே இல்ல!"

"உங்க தலையில அது எப்பவோ முடிஞ்சு போச்சுங்களே."

சண்டைக்குத் தயாரானான். அவள் சண்டைக்கு வரவில்லை. கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அவளே முடியை நறுக்கிக் கவரில் போட்டு ஒட்டினாள்.

"நொம்ப நல்ல ரோசனைங்க. ஆனா வேற யாரையும் நம்ப வேண்டாமுங்க. நீங்களே சேலம் போயி கூரியர் ஆபீசுல குடுங்க. குப்பனூர் வழி பஸ்ஸுல போங்க, கூட்டமிருக்காது."

பெண்டாட்டி தன் பேச்சைக் கேட்டுவிட்ட பெருமையில், கவரை மடியிலேயே வைத்துக்கொண்டு மலையிறங்கினான்.

மறுநாளிலிருந்து ரோசியின் காய்ந்த புல் தண்ணீரில் ஊறியது.

"எதுக்கு புள்ள?"

"தூசி போகட்டுங்க."

வெல்ல டப்பா காலியாக இருந்தது.

"வெல்லம் எங்க?"

"கடையில வரலீங்க."

பதினைந்தாம் நாள் ரோசி தானாக நாலடி வைத்து வந்து அவன் சட்டைப்பையை முகர்ந்தாள். சின்னராஜுக்குக் கண் கலங்கியது. அன்றைக்கே ரிப்போர்ட்டும் வந்தது.

"துத்தநாகம் கம்மின்னு போட்டிருக்கான் பாரு! ரிப்போர்ட் வரப்போகுதுன்னதும் நோயே பயந்து ஓடிப்போச்சு!"

காவேரி முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"நீங்க சேலம் போன அன்னிக்கே டாக்டர் வந்து ரத்தம் எடுத்து, வலிக்கு மருந்தும் குடுத்துட்டாருங்க. முடிய வெச்சு இந்த நோயச் சொல்ல முடியாதாம். குதிரைக்கும் சர்க்கரை வியாதி மாதிரி ஒண்ணு வருமாம். ரத்தத்துல இன்சுலின் ஏறி, குளம்பு நோவுல கொண்டுபோயி உடுமாம். புல்ல ஊற வெச்சா அதுல இருக்கற இனிப்பு எறங்கிடுமாம். இனிமே வெல்லம் ஆகாதுன்னாருங்க."

தினமும் காலையில் கொஞ்சிக் கொஞ்சி வெல்லம் ஊட்டியது அவன்தான். ரோசியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். காவேரி பக்கத்தில் வந்து அவன் முதுகைத் தடவினாள்.

"தெரியாமத்தானுங்களே குடுத்தீங்க."

"ரத்தம் எடுக்கறப்ப... நொம்பத் துடிச்சாளா புள்ள?"

"இல்லீங்க. பக்கத்துல அழறதுக்கு நீங்க இல்லைங்களா, அவ பாட்டுக்கு சும்மா நின்னாளுங்க."