கை நனைக்காத ஞாயிற்றுக்கிழமை

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் மூன்று மாதம் வாய்ப்பூட்டு போட வேண்டும். எனக்கு யாரும் போடவில்லை. அதனால் அக்காவின் கல்யாணம் என்னால் நின்றுபோக இருந்தது.

அப்போதுதான் மைசூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். உணவிலும் தண்ணீரிலும் வைரஸ் இருக்கிறதா என்று சீக்கிரமாகக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. சின்னக் குழாயில் மாதிரியையும் மருந்தையும் விட்டுச் சூடாக்கினால், வைரஸ் இருந்தால் இளஞ்சிவப்பு மஞ்சளாகும். துளியூண்டு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். (முதல் வாரமே வீட்டுக் கொத்தமல்லியை விசாரணைக்கு எடுத்தேன்.)

அக்காவுக்கு நஞ்சன்கூட்டில் வரன் வந்தது. வீடு பார்க்கப் போன அன்று, அவர்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீரை யாருக்கும் தெரியாமல் பாட்டிலில் பிடித்து வந்து சோதித்தேன். மஞ்சள்! எனக்குப் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம். சமயம் பார்த்து எல்லோர் முன்னாலும் சொல்லலாம் என்று, வீட்டிலும் சொல்லவில்லை, ஆய்வுக்கூடத்திலும் ஒருவரிடமும் காட்டவில்லை.

எங்கள் ஹனூர்ப் பக்கத்தில், சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டோம். தண்ணீர் குடித்தாலே சம்மதம் என்று அர்த்தம். அடுத்த ஞாயிறு சம்மதம் சொல்லப் பத்துப் பேர் போனோம். மாப்பிள்ளையின் அம்மா செம்பை நீட்டினார். அப்பா வாங்கி வாயருகே கொண்டுபோனார்.

"அப்பா, குடிக்காதீங்க!"

"ஏன் கண்ணு?"

"தண்ணில வைரஸ் இருக்குதுங்கப்பா. நானே டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்."

அந்த அம்மாவின் முகம் சிறுத்துப் போனது. "இருவது வருசமா இதத்தானுங்க குடிக்கறோம். பொண்ணு குடுக்க இஷ்டமில்லீன்னா நேராச் சொல்லிப்போடுங்க."

அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் செம்பைக் கீழே வைத்தார். அதற்கும் அங்கே ஓர் அர்த்தம் உண்டு. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டில் அக்கா புதுச் சேலையோடு காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டவள் என்னைத் திட்டவில்லை. "எனக்கு அவரப் புடிச்சிருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். திட்டியிருக்கலாம்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் எங்கள் தலைமை மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். கன்னடத்தில் ஒரே கேள்வி கேட்டார்: "பிளாங்க் எங்கே?" வைரஸே இல்லாத சுத்தமான தண்ணீரையும் கூடவே வைத்துச் சோதிப்பதற்குப் பெயர் பிளாங்க். நான் வைக்கவில்லை. இப்போது வைத்தோம். அதுவும் மஞ்சள்.

நஞ்சன்கூட்டுத் தண்ணீரைச் சோதிப்பதற்கு முன்பே, சோதனை முடிந்து மஞ்சளான குழாய் ஒன்றை நிறம் பார்க்கும் ஆசையில் திறந்திருந்தேன். திறக்கவே கூடாதாம். அதில் பெருகியிருந்த வைரஸின் மரபணுத் துணுக்குகள் என் மேசை, கையுறை எங்கும் படிந்து, நான் தொட்டதையெல்லாம் மஞ்சளாக்கிக்கொண்டிருந்தன. மேடம் வேறோர் அறையில், பாட்டிலில் மீதியிருந்த நஞ்சன்கூட்டுத் தண்ணீரைச் சோதித்தார். இளஞ்சிவப்பு மாறவே இல்லை.

"சோதனை ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு. உன்னைக் கண்டுபிடிச்சிருக்கு" என்றார்.

அன்று மாலையே நஞ்சன்கூட்டுக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் பாதி அவர்களுக்குப் புரிந்திருக்காது. அந்த அம்மா உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடி."

மூச்சுவிடாமல் குடித்தேன்.

"போய் உங்கப்பாவக் கூட்டியா."

இன்று அக்காவுக்கு இரண்டு குழந்தைகள். அவள் வீட்டுக்கு யார் போனாலும் காபி வரும். எனக்கு மட்டும் இரண்டு செம்புத் தண்ணீர் வரும். மாமியார் முதல் குழந்தைகள்வரை வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நிற்பார்கள். ஒன்றைக் குடித்து முடித்ததும் அக்கா அடுத்ததை நீட்டுவாள்.

"இது பிளாங்க். இதையும் குடி."