ஒபிசர் வழி வந்த இருமல்

முதலில் கேட்டது இருமல். ஒலிபெருக்கியில் ஒருவர் இருமினால் இறக்கக்கண்டி ஊர் முழுவதற்கும் சேர்த்து இருமியது போலிருக்கும். அதற்குப் பிறகுதான் ஓட்டோ தெரிந்தது. உள்ளே தொற்றுத் தடமறியும் இணைப்பாளர் ஸெய்னுதீன்.

"பொதுமக்களின் மேலான கவனத்திற்கு! இப்பிரதேசத்திற்குக் கிருமியைக் கொண்டுவந்தவர் மீன் வியாபாரி முனீப் என இத்தால் அறியத்தருகிறோம்."

முனீப்பின் வீட்டு வாசல் படலையில் சிவப்பு அறிவித்தல் ஒட்டப்பட்டது. மோட்டார் சைக்கிளில் மீன் விற்கும் அனுமதிப் பாஸ் பறிக்கப்பட்டது. பக்கத்து வீட்டு நஸ்ரி காக்கா வேலிக்கு மேலே தகரம் அடித்தார்.

"என்ன ஆதாரம் சேர்? பாஸ் இல்லாட்டி எங்கட வீட்டு அடுப்பு எரியாது," என்று முனீப் ஸெய்னுதீனிடம் போய் நின்றான்.

"நீர் ஊர் ஊராத் திரியிறீர். கிருமியும் ஊர் ஊராத் திரியுது. வேறென்ன ஆதாரம் வேணும்?"

ஆனாலும் விஞ்ஞானபூர்வமாக நடக்கவேண்டும் என்று மேலிடம் விரும்பியது. எல்லோருடைய சளியும் மரபணு வரிசை பார்க்கக் கொழும்புக்குப் போனது. அலுவலகத் திறப்பு விழாவில் முன்மாதிரியாக மூக்கை நீட்டிப் படம் எடுத்துக்கொண்ட ஸெய்னுதீனின் சளியும் கூடவே போனது.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. முனீப்பையும் கூப்பிட்டு வைத்து ஆய்வுகூடத்துப் பிரசாந்தினி விளக்கினாள்.

"கிருமி தன்னைப் பிரதி எடுக்கேக்க இடைக்கிடை பிழை விடும் சேர். அந்தப் பிழை பிறகு வாற எல்லாத்திலயும் தொடரும். எங்கட சுற்றறிக்கை மாதிரி."

அந்த அலுவலகத்தில் இது எல்லோருக்கும் உடனே விளங்கியது.

"விழாவில எடுத்த உங்கட சளி மாதிரியில ரெண்டு பிழை. பத்து நாளுக்குப் பிறகு எடுத்த இவர்ர மாதிரியில அதே ரெண்டும், புதுசா இன்னொண்டும். ஊராக்கள் எல்லாரிலயும் உங்கட ரெண்டும் இருக்கு. முனீப், பாஸ் எடுக்க சேர்ர மேசைக்கு முன்னால எத்தனை நாள் நிண்டனீங்கள்?"

"நாலு நாள் மிஸ். நோயில்லை எண்டு கடுதாசி எடுக்க நிண்டனான்."

ஸெய்னுதீன் கண்ணை மூடி யோசித்தார்.

"மேலிடத்திலயிருந்து எனக்கு ஒரு கடிதமும் வரேல்ல. ஆகவே என்னட்டயிருந்து கீழே எதுவும் போயிருக்க ஏலாது." பிறகு முனீப் பக்கம் திரும்பினார். "சரி, அந்த மூண்டாவது மாற்றத்தை யாரிட அனுமதியோட செய்தனீர்?"

"என்னைக் கேக்காம அது தானாச் செய்தது சேர்."

"அதை எழுத்தில தாரும்."

எழுதிக் கொடுத்தான். பாஸ் திரும்பக் கிடைத்தது. படலையிலிருந்த அறிவித்தலை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. திருத்தி ஒட்டினார்கள்: 'உத்தியோக மூலத் தொற்று'.

அன்று பின்னேரமே நஸ்ரி காக்கா தகரத்தைக் கழற்றினார். "தம்பி, எனக்கு வந்ததும் ஒபிசர் வழிதானே? மகள் சனூஸாக்குச் சம்பந்தம் பேசுறம். அப்பிடி எழுதின ஒரு துண்டுக் கடுதாசி இருந்தா நல்லம்."

துண்டு கொடுக்கப்படும் என்று ஒலிபெருக்கி இருமிச் சொன்னது.

மறுநாள் காலை முனீப் சந்து சந்தாக ஹோன் அடித்துக்கொண்டு போனான். ஒரு கதவும் திறக்கவில்லை. ஊரே ஸெய்னுதீனின் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றது. மேசையிலிருந்து ஒரு இருமல் வந்தது. வரிசையிலிருந்து பல இருமல்கள் பதில் சொல்லின.

சூரை மீன் பெட்டியோடு திரும்பி வந்தவனைப் பார்த்து மனைவி றிஷானா கேட்டாள்: "எல்லாரும் துண்டு எடுக்கப் போயிட்டாங்க. நீங்க போகல்லயா?"

"எனக்கென்னத்துக்கு? அவங்களுக்கெல்லாம் ஆள்மாறி ஆள்மாறி வந்தது. எனக்கு ஒபிசர்ர வாயாலயே, நேரா வந்தது," என்று முனீப் நெஞ்சை நிமிர்த்தினான்.

பிறகு கத்தியை எடுத்து, விற்காத மீனைக் கீறிக் கருவாட்டுக்கு உப்பு வைக்கத் தொடங்கினான்.